வாத்து கேக்கும் அதன் சர்க்கரைத் தோலும்

போன புரட்டாசியில் என் மகளுக்கு ஏழு வயது முடிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது: கேக் வாத்து மாதிரி இருக்கவேண்டும், அதை அப்பாதான் செய்யவேண்டும், கடையில் வாங்கக்கூடாது. காரணம் 'புளூயி' என்ற ஆஸ்திரேலியக் கார்ட்டூன். அதில் 2020இல் வந்த ஒரு பகுதியில், அப்பா நாய் தன் சின்ன மகளுக்காக வாத்து கேக் செய்யத் திண்டாடும். அதை என் மகள் குறைந்தது முப்பது தடவை பார்த்திருப்பாள். "அந்த அப்பா பண்றாரு, நீங்க பண்ண மாட்டீங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வது? நான் அதுவரை அடுப்பங்கரையில் செய்த அதிகபட்ச சாகசம் ரவா உப்புமா.

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், அதன் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்துவிடுவேன். மாவு சலிப்பதற்கு முன் சர்க்கரையைப் பற்றி மூன்று புத்தகம் படித்தாயிற்று. அந்தக் குறிப்புகளும், நடுநடுவே என் சமையலறை விபத்துகளும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த வாத்து. அது கார்ட்டூன்காரர்கள் கற்பனையில் பிறந்ததில்லை. 1980இல் 'ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி' பத்திரிகை குழந்தைகளின் பிறந்தநாள் கேக்குகளுக்கென்று ஒரு புத்தகம் போட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கேக்குகள். அட்டையில் ரயில் வண்டி, உள்ளே பச்சை ஜெல்லி நிரப்பிய நீச்சல் குளம், உருளைக்கிழங்கு சிப்ஸை அலகாக வைத்த வாத்து. அந்த நாட்டில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பக்கத்தைக் கிழித்திருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தின் சூட்சுமம் ஒன்றுதான். பேக்கரி தெரியாத அம்மா, ராத்திரி பத்து மணிக்கு, பாக்கெட் கேக் மாவையும் ரொட்டிக் கத்தியையும் கடை மிட்டாயையும் வைத்து முடிக்கக்கூடிய கேக்குகள் அவை. மேல் பூச்சு சாதா வெண்ணெய்க் கிரீம். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, இறகு மாதிரி இருக்கும்.

நான் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் இணையத்தில் ஃபாண்டன்ட் போர்த்திய கேக்குகளைப் பார்த்துவிட்டேன். பீங்கான் பொம்மை போல வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல். சரி, நம் வாத்துக்கும் அந்தத் தோல்தான் என்று முடிவு பண்ணினேன். ஆரம்பக்காரர்கள் எல்லாரும் விழுகிற பள்ளம் இது.

ஃபாண்டன்ட் என்றால் என்ன என்று பார்க்கப் போனால் அங்கேயே ஒரு குழப்பம். ஒரே பெயரில் இரண்டு பொருள் இருக்கிறது. அந்தச் சொல் பிரெஞ்சு, 'உருகுவது' என்று அர்த்தம். 19ஆம் நூற்றாண்டு மிட்டாய்க்காரர்களின் ஃபாண்டன்ட், காய்ச்சிய பாகு. சர்க்கரையையும் தண்ணீரையும் கொஞ்சம் குளுக்கோஸோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து சுமார் 115 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, கையால் தொடும் அளவுக்கு ஆறவிட்டு, பிறகு விடாமல் அடிக்கவேண்டும். கண்ணாடி மாதிரி இருந்த பாகு திடீரென்று வெளுத்து, வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். கோடிக்கணக்கான பொடிப் படிகங்கள் ஒரே நேரத்தில் பிறப்பதுதான் காரணம். ஒரு படிகம் சுமார் 20 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் நாக்குக்கு அது மணலாகத் தெரியாது, பட்டாகத் தெரியும். குளுக்கோஸ் எதற்கு என்றால், சர்க்கரை மூலக்கூறுகள் வரிசை கட்டிப் பெரிய கற்கண்டாக வளர விடாமல் குறுக்கே நிற்பதற்கு.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். கையில் டிஜிட்டல் வெப்பமானி. பக்கத்தில் என் அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், பதினைந்து வருஷமாக. ஆனால் பாகு காய்ச்சும் வாசனை வந்தால் வந்து நிற்காமல் இருக்க முடியாது. வெப்பமானி 114 காட்டும்போது அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "தக்காளிப் பதம் வந்தாச்சு, இறக்குடா" என்றார். மேல்நாட்டுப் புத்தகங்களிலும் இதே சோதனைதான் எழுதியிருக்கிறது: குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு, விரலில் இளகிய உருண்டை. அதிரசத்துக்கு அம்மா நாற்பது வருஷமாகப் பார்த்த பதமும், பாரிஸ் மிட்டாய்க்காரன் பார்த்த பதமும் ஏறக்குறைய ஒரே டிகிரியில் நிற்கின்றன. என் ஆயிரத்து இருநூறு ரூபாய் வெப்பமானி வெட்கப்பட்டிருக்கும்.

ஆனால் இந்த ஃபாண்டன்ட்டை வைத்து வாத்தைப் போர்த்த முடியாது. இது ஊற்றுகிற சமாச்சாரம். சின்னச் சின்ன கேக் துண்டுகள் மேல் ஊற்றலாம், சாக்லேட்டுக்குள் அடைக்கலாம். சப்பாத்தி மாதிரி தேய்த்து கேக் மேல் போர்வையாகப் போடுகிறோமே, அது வேறு. அதில் காய்ச்சுகிற வேலையே கிடையாது. ஐசிங் சுகர் என்ற மாவுச் சர்க்கரையை, ஜெலட்டினோ பிசினோ கரைத்த தண்ணீரில், குளுக்கோஸ், கிளிசரின், கொஞ்சம் கொழுப்பு சேர்த்துப் பிசைந்த மாவு. பெயர் பாகு வம்சத்தினுடையது, உடம்பு பிசின் வம்சத்தினுடையது. இந்தப் பிசின் வம்சம் இன்னும் 300 வருஷம் பழையது. வரலாற்று ருசி எல்லாம் அதில்தான் இருக்கிறது.

1555இல் வெனிஸ் நகரத்தில் 'அலெசியோ பியமொன்தேசே' என்ற பெயரில் ஒரு ரகசியக் குறிப்புப் புத்தகம் வெளிவந்தது. மருந்து, சாயம், வாசனைத் திரவியம் என்று கலந்து கட்டிய புத்தகம். ஐரோப்பா முழுக்க மொழிபெயர்த்துப் படித்தார்கள். 1558இல் ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது. அதில் ஒரு குறிப்பு: டிராககாந்த் பிசினைப் பன்னீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறும் முட்டை வெள்ளையும் சேர்த்து, சலித்த சர்க்கரைத் தூளோடு உரலில் இடித்தால் ஒரு மாவு கிடைக்கும். அதைத் தேய்த்துத் தட்டு, கிண்ணம், கோப்பை செய்துகொள்ளலாம். விருந்து முடிந்ததும் தட்டையே உடைத்துத் தின்னலாம். அப்படியே இன்றைய ஃபாண்டன்ட். முட்டை வெள்ளையை எடுத்துவிட்டு ஜெலட்டினைப் போட்டால் போதும்.

இந்த டிராககாந்த் என்பது ஈரான், துருக்கிப் பக்கத்து முள்புதர் ஒன்றின் பால். வடக்கே இதைக் கோந்த் கதீரா என்று சர்பத்தில் போடுவார்கள். மதுரைக்காரர்கள் ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் வேறு மரத்தினுடையது என்றாலும், தண்ணீரில் ஊறி உப்பிக் கொழகொழவென்று நிற்கும் குணம் ஒன்றேதான்.

பிசினும் சர்க்கரையும் கிழக்கிலிருந்து போனவை. யோசனையும் அங்கிருந்துதான் போயிருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1040களில் கெய்ரோவுக்குப் போன பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரவ், சுல்தானின் பெருநாள் விருந்து மேசையைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: கிளை, இலை, பழம் எல்லாம் சர்க்கரையாலேயே செய்த ஆரஞ்சு மரம், கூடவே ஆயிரக்கணக்கில் சர்க்கரைப் பொம்மைகள். இன்னும் பின்னே போனால் சொல்லே சாட்சி. நம் அர்த்தசாஸ்திரத்தில் கரும்புப் பொருள்களின் பட்டியல் இருக்கிறது: பாகு, வெல்லம் என்று தொடங்கிக் கண்டம், சர்க்கரை என்று முடியும். அந்தக் கண்டம் பாரசீகத்தில் 'கந்த்' ஆகி, ஆங்கிலத்தில் 'கேண்டி' ஆனது. சர்க்கரை 'சுகர்' ஆனது. கரும்புச் சாற்றைப் படிகமாக்கும் வித்தை இங்கிருந்து மேற்கே போனது. ஐரோப்பா அதை வைத்து என்ன பண்ணியது என்பதுதான் மீதிக் கதை.

ஐரோப்பா முதலில் அதைப் பொம்மை பண்ணியது. இங்கிலாந்தில் அரச விருந்துகளில் ஒவ்வொரு சுற்று உணவுக்கும் இடையே 'சட்டில்டி' என்று ஒன்று வரும். ராஜா, துறவி, கோட்டை, சிங்கம் எல்லாம் சர்க்கரையிலும் மாவிலும் செய்து எழுத்தும் பொறித்திருப்பார்கள். 1429இல் ஆறாம் ஹென்றி முடிசூடியபோது இந்தப் பொம்மைகளைத் தூக்கி வந்தார்கள். ஹென்றிக்கு அப்போது வயது ஏழு. மகளின் வயதே என்பதால் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன். அந்தப் பையனுக்கு வந்தது பிறந்தநாள் வாத்து இல்லை, பிரான்ஸும் எனக்குத்தான் என்று அவன் சார்பில் அறிவிக்கும் அரசியல் பதாகை. 1574இல் பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றி வெனிஸ் கப்பல் கட்டும் தளத்துக்கு வந்தபோது, மேசையில் இருந்த கைக்குட்டை, தட்டு, கத்தி, ரொட்டி எல்லாம் சர்க்கரை. மன்னர் கைக்குட்டையை எடுத்ததும் அது கையிலேயே நொறுங்கியது என்று சொல்வார்கள். இப்போது நெட்ஃபிளிக்ஸில் 'இஸ் இட் கேக்?' என்று 2022இலிருந்து ஒரு நிகழ்ச்சி வருகிறதே, செருப்பா கேக்கா என்று வெட்டிப் பார்ப்பார்களே, அந்த விளையாட்டுக்கு வயது 450.

அடுத்து அது ராஜா வீட்டிலிருந்து வசதியான வீட்டுப் பெண்களின் கைக்கு வந்தது. 1600களின் தொடக்கத்தில் சர் ஹியூ பிளாட் என்பவர் சீமாட்டிகளுக்காக எழுதிய சிறு கையேட்டில், சர்க்கரை மாவில் முயல், புறா, பறவைகள் செய்யும் விதம் இருக்கிறது. அச்சிலும் வார்க்கலாம், கையாலும் உருட்டலாம். வீட்டில் உட்கார்ந்து முதல் தடவையாகச் சர்க்கரைப் பறவை செய்பவருக்கு வழிகாட்டி என்று பார்த்தால், என் குருபரம்பரையில் இவருக்குத்தான் முதல் இடம்.

எனக்கோ இன்னொரு சிக்கல். புரட்டாசி. அம்மா அந்த மாதம் முழுக்க முட்டை, கறி தொடமாட்டார். பேத்தியின் கேக்கில் ஒரு துண்டாவது அவர் வாயில் போகவேண்டும் என்பது மகளின் நிபந்தனை. ஆக முட்டையும் கூடாது, ஜெலட்டினும் கூடாது. ஜெலட்டின் மாட்டெலும்பு, தோலிலிருந்து வருவது. முட்டை பிரச்சினைக்கு நம் ஊர் தீர்வு தெரிந்ததுதான்: ஒரு டின் மில்க்மெய்ட், வெண்ணெய், மைதா, பேக்கிங் பவுடர், கொஞ்சம் சோடா, ஒரு ஸ்பூன் வினிகர். இந்தப் பேக்கிங் பவுடருக்கும் ஒரு கதை உண்டு. பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக முட்டையில்லாத கஸ்டர்டை 1837இலும், பேக்கிங் பவுடரை 1843இலும் அந்த மனிதர் உருவாக்கினார். வீட்டில் ஒருவர் சாப்பிட முடியாது என்பதற்காகப் பிறந்த பொடி என் வீட்டிலும் அதே வேலையைத்தான் செய்தது.

ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர், அதாவது நாம் சைனா கிராஸ் என்று வாங்குகிற கடல்பாசியைக் கரைத்துப் போட்டு நானே மாவு பிசைந்தேன். படுதோல்வி. ஜெலட்டின் கூழ் ரப்பர் மாதிரி இழுபடும், அகர் கூழ் இழுத்தால் உடையும். சட்டியில் பார்க்க நன்றாக இருந்த மாவு, தேய்க்கும்போது ஓரமெல்லாம் வறண்ட ஏரி மாதிரி வெடித்தது. ஒரு கிலோ ஐசிங் சுகர் காலி. கடைசியில் பச்சைப் புள்ளி போட்ட தயார் ஃபாண்டன்ட் ஒரு கிலோ வாங்கி, மஞ்சள் நிறம் சேர்த்துப் பிசைந்தேன்.

வீணான அந்த ஒரு கிலோவைக் குப்பையில் போடும்போது அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "சீனிக்குக் கப்பலேறினவங்க வீட்ல இப்படிச் சீனியக் கொட்டறியே" என்றார்.

அது எங்கள் வீட்டில் பழக்கமான வசனம். அம்மாவின் ஊர் ஆரணி பக்கம். அம்மாவின் தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். 1900களின் தொடக்கத்தில் ஒருநாள் சந்தைக்குப் போனவர் திரும்பவில்லை. நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போய்விட்டார் என்று ஆறு மாதம் கழித்து வேறு ஊர்க்காரர் மூலம் தகவல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவருடைய அம்மா சாகும்வரை வீட்டில் சீனி வாங்கவில்லையாம், வெல்லம் மட்டும்தான். இந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்டபோது ஏதோ பழங்கதை என்று நினைத்தேன். சர்க்கரை வரலாற்றைப் படித்த பிறகு, அந்தக் கிழவி போட்ட கணக்கு சரி என்று பட்டது.

பிளாட் தன் சர்க்கரைப் புறாவைச் செய்தபோது சர்க்கரை பணக்காரர் பொருள். அது மலிவானது எப்படி என்றால் பிரேசிலிலும், 1640களுக்குப் பிறகு பார்படோஸிலும், பின்னர் ஜமைக்காவிலும், இன்றைய ஹைட்டியிலும் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு வெட்டியதால். சிட்னி மின்ட்ஸ் என்ற மானுடவியலாளர் 1985இல் எழுதிய புத்தகத்தில் கணக்கு இருக்கிறது. 1700 வாக்கில் இங்கிலாந்தில் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 4 பவுண்டு சர்க்கரை. 1800இல் சுமார் 18. 1900இல் சுமார் 90. நான் வாங்கிய ஒரு கிலோ ஃபாண்டன்ட்டில் முக்கால் கிலோவுக்கு மேல் சர்க்கரைதான். அதாவது 1700ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஒருவர் ஐந்தாறு மாதத்துக்குச் சாப்பிட்டதை ஒரு வாத்தின் தோலுக்குச் செலவழித்திருக்கிறேன்.

1791, 92இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடிமைகள் விளைவித்த சர்க்கரை வேண்டாம் என்று நிறுத்தின. வீட்டில் சாமான் வாங்குவது பெண்கள் என்பதால், ஓட்டு இல்லாத பெண்கள் கையில் எடுத்த அரசியல் அது. 1820களில் சில வீடுகளில் சர்க்கரைக் கிண்ணத்திலேயே எழுதியிருக்கும்: இது கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல. அந்தக் கிண்ணங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகங்களில் இன்றும் பார்க்கலாம். நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் 1834இல் அடிமை முறை சட்டப்படி முடிந்ததும் தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டுமே? அந்த வருஷமே மொரீஷியஸுக்கு இந்தியக் கூலிகளின் கப்பல் போனது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு டர்பனில் போய் நின்றது. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1911இல் அது நிற்கும்வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டால் போனார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். 1894இல் முன்பல் உடைந்து, ரத்தம் ஒழுகும் வாயோடு காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்ற பாலசுந்தரம் அவர்களில் ஒருவர். பிஜிக்குப் போன பெண்களுக்காகப் பாரதியார் பாட்டே எழுதிவிட்டார்.

நேட்டால் கப்பல் பதிவேடுகள் மிச்சமிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் அடையாளத் தழும்பு. மென்பொருள்காரன் புத்தி, உடனே அட்டவணையாக்கி வடிகட்டிப் பார்த்தேன். அம்மாவின் பெரிய தாத்தா பெயர் தெருவுக்கு நான்கு பேர் வைத்திருந்த பெயர். வட ஆற்காடு ஜில்லா, சரியான தகப்பன் பெயர், வயது இருபதிலிருந்து இருபத்தைந்து என்று வடிகட்டினால் மூன்று பேர் நிற்கிறார்கள். கிராமத்துப் பெயரைக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதிய அழகில் மூன்றுமே எங்கள் ஊராக இருக்கலாம். ஒருவருக்கு இடது முழங்காலில் தழும்பு. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "தழும்பு இருந்துச்சான்னு யாருக்குடா தெரியும்" என்றார். பிறகு அந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தரச்சொல்லி, பீரோவில் வைத்துக்கொண்டார்.

ஐரோப்பியச் சமையலறைக்குத் திரும்புவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் கரேம் என்ற சமையல் மேதை, தேசிய நூலகத்தில் கட்டடப் படங்களைப் பார்த்துப் பார்த்து, அதே பிசின் மாவில் கோயிலும் கோபுரமும் கட்டினார். விக்டோரியா ராணியின் 1840 கல்யாண கேக் சுமார் 136 கிலோ எடை. மேலே பிரிட்டானியா தேவி தம்பதியை ஆசீர்வதிக்கும் சர்க்கரைச் சிலை. 1874இல் பிரிட்டன் சர்க்கரை இறக்குமதி வரியை எடுத்துவிட்டது. கேக் மேல் சர்க்கரைப் பூச்சு சாதாரண வீட்டுக்கும் வந்தது. ஆனால் அது முட்டை வெள்ளையில் அடித்த ராயல் ஐசிங். காய்ந்தால் சுவர்ப்பூச்சு போல இறுகிவிடும். வெட்டச் சுத்தியல் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே கிண்டல் உண்டு.

இளக்கமான போர்வை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவில் பிரபலமானது. அங்கே அதற்குப் பெயர் பிளாஸ்டிக் ஐசிங். அங்கிருந்து பிரிட்டனுக்குப் போனது. 2000களின் பிற்பகுதியில் 'ஏஸ் ஆஃப் கேக்ஸ்', 'கேக் பாஸ்' போன்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் கார், கிட்டார், யானை என்று கேக்கைச் செதுக்கிக் காட்டியதும், உலகம் முழுக்க வீட்டு அடுப்புக்காரர்கள் இதில் குதித்தார்கள். மெழுகுவர்த்தி தனிக் கதை. 1746இலேயே ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் பிறந்தநாள் கேக்கில் வயதுக்கு ஒன்றாகக் குத்தியிருந்தார்கள் என்று குறிப்பு இருக்கிறது. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

இனி என் வாத்து. உடம்புக்கு 18 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோள எவர்சில்வர் கிண்ணத்திலேயே கேக்கைச் சுட்டேன். 175 டிகிரியில் ஐம்பது நிமிடம். கவிழ்த்து, மேலே வெண்ணெய்க் கிரீம் பூசி, குளிர வைத்தாயிற்று. இப்போது போர்வை. வட்ட கேக்குக்கு நேராகப் போர்த்தும் வீடியோவைப் பார்த்துவிட்டு இறங்கிய எனக்கு, அரைக்கோளம் பாடம் கற்றுக்கொடுத்தது. கணக்கு இதுதான்: ஒரு பக்க ஓரத்திலிருந்து உச்சி வழியாக மறுபக்கம் வரை 28 செ.மீ. ஆக 28 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் தேய்க்கவேண்டும். அந்த வட்டத்தின் சுற்றளவு 88 செ.மீ. ஆனால் கிண்ணத்தின் வாய்ச் சுற்றளவு 57 தான். மீதி 31 செ.மீ. எங்கே போகும்? மடிப்பாகத்தான் போகும். தட்டையான தாளில் உலக உருண்டையைச் சுற்ற முடியாத அதே பிரச்சினை, உலக வரைபடம் வரைகிறவர்களை நூற்றாண்டுகளாகப் படுத்தும் பிரச்சினை. துணியாக இருந்தால் தோல்விதான். ஃபாண்டன்ட் துணியில்லை, மெதுவாக ஓடக்கூடிய மாவு என்பதால் தப்பிக்கலாம். மடிப்பை அமுக்கக்கூடாது. ஒவ்வொரு மடிப்பையும் பாவாடை மாதிரி வெளியே விரித்துவிட்டு, மேலிருந்து உள்ளங்கையால் தடவித் தடவிக் கீழே இறக்கவேண்டும். வெளியே பிதுங்குவதைக் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். முதல் போர்வையை மடிப்போடு அமுக்கியதில் வாத்துக்குத் தொப்பையில் தையல் போட்ட மாதிரி ஆகிவிட்டது. உரித்து, மறுபடி பிசைந்தேன்.

இரண்டாவது போர்வையில் தோளெல்லாம் சுருக்கம். மேல்நாட்டு பேக்கரிக்காரர்களே இதை 'யானைத்தோல்' என்றுதான் சொல்கிறார்கள். ஃபேன் காற்றில் மேல்பக்கம் காய்ந்ததன் விளைவு. கையில் துளி வனஸ்பதி தடவிப் பிசைந்ததும் சரியானது. மூன்றாவது தடவை, ஃபேனை நிறுத்தி, ஏசி அறையில், நான்கு மில்லிமீட்டர் தடிமனில் போட்டது நின்றது. சந்தோஷத்தில் கேக்கை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். சாயங்காலம் வெளியே எடுத்த பத்தே நிமிடத்தில் வாத்து வியர்க்க ஆரம்பித்தது. சென்னைக் காற்றின் ஈரமெல்லாம் அதன் முதுகில். சர்க்கரை தண்ணீரை இழுக்கும் பொருள், குளிர்ந்த சர்க்கரை கேட்கவே வேண்டாம். தொடாமல் ஏசியில் இரண்டு மணி நேரம் விட்டால் தானாகக் காயும். தொட்டால் கைரேகை நிரந்தரம். என் வாத்தின் வாலில் ஒரு கட்டைவிரல் ரேகை கடைசிவரை இருந்தது.

தலைதான் பெரிய ஆபத்து. கேக்கில் செதுக்கிய தலை கனம் தாங்காமல் முன்னால் சாய்ந்து விழுந்தது. பிறந்தநாள் மறுநாள், மணி இரவு ஒன்பதரை. அமெரிக்கர்கள் இதற்குப் பொரித்த அரிசியை மார்ஷ்மெல்லோவில் பிணைத்து உருட்டுவார்கள் என்று படித்ததைச் சொன்னேன். அம்மா பாதியிலேயே எழுந்துவிட்டார். "பொரி உருண்டைன்னு சொல்லேன்!" கார்த்திகைக்கு வருஷா வருஷம் பிடிக்கிற கை. பாகு காய்ச்சி, தண்ணீரில் சொட்டு விட்டு, இந்தத் தடவை இறுகிய உருட்டுப் பதம் வரும்வரை நின்று, பொரியைக் கொட்டி, அரிசி மாவு தொட்ட கையால் சூட்டோடு சூடாக ஒரு பெரிய உருண்டை. எடை ஒன்றுமே இல்லை, கல் மாதிரி உறுதி. பாகு இளகாமல் மேலே கிரீம் பூசி, மஞ்சள் போர்வை போர்த்தி, இரண்டு மூங்கில் குச்சியில் குத்தி நிறுத்தினோம். அலகுக்கு, கார்ட்டூனில் வருவது போலவே, உருளைக்கிழங்கு சிப்ஸ்.

நடுவில் அம்மா திருவிழாவில் மூங்கில் கழியில் ரோஸ் கலர் ஜவ்வு மிட்டாயைச் சுற்றிக்கொண்டு வருகிறவரை நினைவுபடுத்தினார். கழி உச்சியில் பொம்மை கை தட்டும். காலணாவுக்கு மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிடுவார், கேட்டால் மயிலும் செய்வார். "அவருக்கு யாரு இங்கிலீஷ் புக்குல சொல்லிக்குடுத்தா?" என்றார். அந்தக் கேள்வியை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் பன்னிரண்டு குழந்தைகள். வாத்தைப் பார்த்துக் கத்திய கத்தலில் எனக்கு மூன்று கிலோ எடை கூடியிருக்கும். மகள் தலையை வெட்ட விடவில்லை, அது கடைசிக்கு. மற்றபடி நடந்தது என்ன தெரியுமா? ஒவ்வொரு குழந்தையும் மஞ்சள் தோலை அழகாக உரித்துத் தட்டோரத்தில் வைத்துவிட்டு, உள்ளே இருந்த கேக்கை மட்டும் தின்றது. மூன்று நாள் உழைப்பு, பன்னிரண்டு தட்டில் பன்னிரண்டு சுருளாகக் கிடந்தது. அம்மா தன் துண்டிலிருந்து விரல் நகமளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மாத்திரையைத் தேடப் போனார்.

ராத்திரி மகள் பொரித் தலையை உடைத்து வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைத்தாள். அது ஐந்து நிமிடத்தில் காலி. நான் தட்டுகளைக் கழுவப் போனபோது தோல் எல்லாம் காணோம். அம்மா அவற்றை ஒன்றுவிடாமல் சேர்த்து, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே வைத்திருந்தார். அடுத்த இரண்டு மாதம் என் காபிக்குச் சர்க்கரை அதுதான். மஞ்சள் காபி.